கால் வலி: சாப்பாட்டிலா, ரத்த ஓட்டத்திலா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

என் அப்பா எட்டு மாதம் தக்காளியைத் தொடவில்லை. அப்புறம் உருளைக்கிழங்கை விட்டார், பாலை விட்டார், கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டையே பாதியாகக் குறைத்தார். கால் வலி மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் அவரோடு சேர்ந்து நடக்கப் போனபோதுதான் கவனித்தேன்: ஐந்தாவது விளக்குக் கம்பம் வந்ததும் நின்றார், செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நடந்தார், ஏறக்குறைய அதே தூரம் போனதும் மறுபடி நின்றார். திரும்பி வரும்போதும் அப்படித்தான். சாப்பாட்டால் வரும் வலி இப்படித் தூரம் பார்த்து வராது. அவருடைய வலது காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது என்பது பிறகு ஸ்கேனில் தெரிந்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. தெரிந்தவர் ஒருவர் கால் பெருவிரல் வீங்கி வலித்ததை ரத்த ஓட்டக் குறைவு என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியதால் வந்த மூட்டு வீக்கம்.

காரணம் தெரியாத கால் வலியோடு இப்போதுதான் தேட ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களே நோயைக் கண்டுபிடித்து நீங்களே மருந்து எடுத்துக்கொள்ள அல்ல. எந்தப் பக்கம் சந்தேகப்படுவது, டாக்டரிடம் போகும்போது கையில் எதைக் கொண்டுபோவது, எதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது தெரிந்தால் போதும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டில் எது என்று சந்தேகமாக இருந்தால் ரத்த ஓட்டத்தை முதலில் பாருங்கள். சாப்பாட்டைப் பிறகு நிதானமாக ஆராயலாம். அடைப்பு நம் வசதிக்குக் காத்திருக்காது.

எதையும் ஆராயாமல் உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஒரு கால் மட்டும் திடீரென்று கடுமையாக வலித்து, வெளிறி, தொட்டால் ஜில்லென்று இருந்து, மரத்துப்போய் விரல்களை அசைக்க முடியாமல் போனால், தமனியை (இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை) ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். இதில் மணிக்கணக்குதான் பேச்சு. சுமார் ஆறு மணி நேரம் தாண்டினால் தசையும் நரம்பும் மீளாத அளவுக்குக் கெட ஆரம்பிக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள்.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அது ஆழமான சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில்) ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை, நீண்ட பயணம், பல நாள் படுக்கை, கர்ப்பம், புற்றுநோய் சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். தையல் டேப் இருந்தால் இரண்டு காலையும் அளந்து பாருங்கள்: முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, சுற்றளவு. ஒரு காலுக்கும் மற்றதுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வித்தியாசம் குறைவாக இருப்பதால் நிம்மதியாகிவிடவும் கூடாது. இந்தக் காலைத் தேய்க்காதீர்கள், பிடித்துவிடச் சொல்லாதீர்கள். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், சிலருக்கு இருமலில் ரத்தம் வரும். அப்போது ஆம்புலன்ஸ்தான்.

இன்னும் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு கால் சிவந்து, சிவப்பு மேலே மேலே பரவுவது. கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகோ புதிய மாத்திரை தொடங்கிய பிறகோ தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போவது. இடுப்பு வலியோடு இரண்டு காலும் பலமிழந்து, சிறுநீர் கட்டுப்பாடு போவது. மூன்றுமே அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

முதல் படி: உங்கள் வலிக்கு என்ன பெயர்?

தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, எரிச்சல், குத்தல், தெறிப்பு. கால் வலி என்று பொதுவாகச் சொல்லாமல் இதில் எது என்று நீங்கள் தேர்ந்தெடுப்பதிலேயே பாதித் தகவல் வந்துவிடும்.

நடக்கும்போது கெண்டைச்சதை இறுகி, யாரோ கயிறு கட்டி முறுக்குவதுபோல் இருக்கிறது என்றால் தமனி. சாயங்காலம் ஆனால் கால் கனக்கிறது, உளைகிறது, தூக்கி வைத்தால் சுகமாக இருக்கிறது என்றால் சிரை. பாதம் இரண்டும் எரிகிறது, எறும்பு ஊர்கிறது, பஞ்சில் நடப்பதுபோல் இருக்கிறது என்றால் நரம்பு. ஒரே ஒரு மூட்டு சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகிறது என்றால் யூரிக் ஆசிட்டைப் பற்றி யோசிக்கலாம். எலும்புக்குள்ளேயே வலிப்பதுபோல் மந்தமாக, உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒத்துழைக்க மறுத்தால் வைட்டமின் டி குறைவைப் பார்க்க வேண்டும். நடு ராத்திரியில் ஆடுசதை கல் மாதிரி இறுகிச் சில நிமிடத்தில் விட்டுவிட்டால் அது தசைப்பிடிப்பு. வலி என்றே சொல்ல முடியாத ஏதோ ஒரு அவஸ்தை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் அடங்குகிறது, அதுவும் ராத்திரி படுத்தால்தான் வருகிறது என்றால் அது வேறு, அமைதியற்ற கால் என்று அதற்குப் பெயர்.

இதெல்லாம் பொதுவான அடையாளம்தான். அடைப்பு இருக்கும் பலருக்கு வலி இந்த மாதிரி சுத்தமாக வருவதில்லை, கால் சோர்கிறது என்று மட்டும் சொல்வார்கள். அதனால் இந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள், இங்கேயே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது படி: இரண்டு வார நோட்டு

பலர் சாப்பாட்டு நோட்டு மட்டும் எழுதுகிறார்கள். என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது. இது போதாது, இன்னும் சொல்லப்போனால் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஏனென்றால் நாம் சாப்பிட்டுவிட்டு சும்மா இருப்பதில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு நடை போகிறோம், வலிக்கிறது, சாப்பாட்டைக் குறை சொல்கிறோம். வலியைக் கொண்டுவந்தது அந்த நடையாக இருக்கலாம். அல்லது சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம், ஒரு மணி நேரத்தில் பாதம் குடைகிறது, தட்டில் இருந்ததுதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆனால் படுத்ததுதான் காரணமாக இருக்கலாம்! நிற்கும்போது ரத்தம் பாதத்துக்கு இறங்கப் புவியீர்ப்பு உதவுகிறது, படுத்தால் அந்த உதவி போய்விடுகிறது. தமனி ரொம்பவே சுருங்கியிருந்தால் பாதத்துக்கு ரத்தம் போதாமல் ராத்திரியில் வலிக்கும். இப்படிப்பட்டவர்கள் தூக்கத்திலேயே காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொள்வார்கள், சிலர் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவார்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படித் தூங்குகிறார்களா என்று பாருங்கள். அது வெறும் பழக்கமாக இல்லாமல் இருக்கலாம், உடனே காட்ட வேண்டிய அறிகுறி.

எனவே ஒவ்வொரு நாளும் இவற்றை எழுதுங்கள்: வலி வந்த நேரம், எந்தக் கால், எந்த இடம் (விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடம்), அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் உடல் என்ன செய்துகொண்டிருந்தது, என்ன செய்ததும் வலி விட்டது, விட எத்தனை நிமிடம் ஆனது. இதற்கெல்லாம் பிறகுதான் சாப்பாடு. அதிலும் எல்லாவற்றையும் எழுத வேண்டாம். மது, மாமிசம், கடல் உணவு, இனிப்புப் பானம், உப்பு தூக்கலான பண்டம், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், வேளை தப்பினீர்களா, பட்டினி இருந்தீர்களா, இவ்வளவு போதும். புதிதாகத் தொடங்கிய மாத்திரை இருந்தால் தேதியோடு எழுதுங்கள், சத்து மாத்திரையும் மாத்திரைதான்.

அப்பாவுக்காக நான் எழுதிய ஒரு பக்கம் இப்படி இருந்தது: "காலை 6.40. வலது ஆடுசதை. 4 நிமிடம் நடந்ததும். நின்றார், 3 நிமிடத்தில் சரி. வெறும் வயிறு." அடுத்த நாள் சாயங்காலம், நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு: "4 நிமிடம் நடந்ததும். நின்றார், 3 நிமிடத்தில் சரி." வயிறு காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் அதே நான்கு நிமிடம். பத்து நாளில் அந்த நோட்டு எட்டு மாதத் தக்காளி விரதத்துக்குப் பதில் சொல்லிவிட்டது.

மூன்றாவது படி: நடந்து பார்ப்பது

மேலே சொன்ன அவசர அறிகுறி எதுவும் இல்லை, பாதத்தில் புண் இல்லை, நடந்தால் நெஞ்சு வலிப்பதில்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். மேடு பள்ளம் இல்லாத இடத்தில், எப்போதும் நடக்கும் வேகத்தில் நடங்கள். வலி வந்ததும் நேரத்தைப் பாருங்கள். நில்லுங்கள், உட்காராதீர்கள். எத்தனை நிமிடத்தில் விடுகிறது?

வெறுமனே நின்றாலே பத்து நிமிடத்துக்குள் முழுதாக விட்டு, மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வந்தால், தமனியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மேடு ஏறினாலோ வேகமாக நடந்தாலோ இன்னும் சீக்கிரம் வரும். நடக்கும் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், சுருங்கிய குழாயால் அதைக் கொடுக்க முடியவில்லை, நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது. பொறிமுறை இவ்வளவுதான். இதை முதலில் குதிரையில்தான் பார்த்தார்கள், 1831-ல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். மனிதரில் 1858-ல் ஷார்கோ விவரித்தார். பெரும்பாலும் அடைப்புக்குக் கீழே இருக்கும் தசைதான் வலிக்கும்: தொடைத் தமனியில் அடைப்பென்றால் ஆடுசதை, அடிவயிற்றுப் பகுதியில் என்றால் தொடையும் பிட்டமும்.

நின்றால் போதவில்லை, உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடுகிறது, சைக்கிள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்ட முடிகிறது என்றால் அது முதுகுத்தண்டு பக்கம். நரம்புக் குழாய் குறுகியிருக்கும், குனிந்தால் சற்று இடம் கிடைக்கும். இதையும் அடைப்பையும் குழப்பிக்கொள்பவர்கள் மிக அதிகம், அதனால்தான் உட்காராமல் நிற்கச் சொன்னேன்.

முதல் பத்து அடி வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் மூட்டையோ தசைநாரையோ பாருங்கள்.

நான்காவது படி: காலைப் பார்ப்பது, தொடுவது

நல்ல வெளிச்சத்தில், இரண்டு காலையும் முழங்கால் வரை திறந்து வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கால் இருப்பது நமக்குப் பெரிய வசதி, ஒன்று மற்றதுக்கு அளவுகோல். ஒரு கால் மட்டும் தோல் பளபளத்து மெலிந்திருக்கிறதா, முடி உதிர்ந்திருக்கிறதா, நகம் மெதுவாக வளர்கிறதா, சின்னக் கீறல் வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கிறதா? புறங்கையால் தொடையிலிருந்து பாதம் வரை தடவிக்கொண்டே வாருங்கள், ஒரு காலில் சூடு சட்டென்று குறையும் இடம் இருக்கிறதா?

அப்புறம் நாடி. பெருவிரலை மேலே தூக்கினால் புறங்காலில் ஒரு நரம்புபோல் தசைநாண் எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், பாதத்தின் நடு மேட்டில், இரண்டு விரல் நுனியை லேசாக வையுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதன் துடிப்பையே நீங்கள் உணரக்கூடும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும், பூனைக்குட்டியின் கழுத்தைத் தொடுவதுபோல் மெதுவாக வைத்துக் காத்திருங்கள், பத்து இருபது நொடி ஆகலாம். அடுத்து கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால், அந்த எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தேடுங்கள். கிடைத்ததும் மற்றொரு கையால் உங்கள் கழுத்து நாடியையும் தொட்டுப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து துடித்தால் நீங்கள் பிடித்திருப்பது நிஜமான நாடிதான். புறங்கால் நாடி நல்ல ஆரோக்கியமானவர்கள் சிலருக்கே தட்டுப்படாது, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் கணுக்கால் நாடியும் சேர்ந்து, அதுவும் வலிக்கிற காலில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் அதைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. படுத்துக்கொண்டு இரண்டு காலையும் சுமார் 45 டிகிரி சாய்வில் ஒன்றிரண்டு நிமிடம் தூக்கி வைத்திருங்கள், யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு உள்ளங்கால் வெளுத்துப்போய், எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டதும் நிறம் மெதுவாகத் திரும்பி அப்புறம் அடர் சிவப்பாகிறது என்றால் அது நல்ல அறிகுறி இல்லை. கறுத்த தோலில் காலின் மேற்பக்கம் இது தெரியாது, உள்ளங்காலையும் நகத்தையும் பார்க்க வேண்டும்.

சிரைக் கோளாறு வேறு மாதிரி முகம் காட்டும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் ஆழமான பள்ளம் விழுந்திருக்கும், கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி நிற்கும், நீலச் சிரைகள் முறுக்கிக்கொண்டு தெரியும், நாளாக ஆகக் கணுக்காலின் உள்பக்கம் தோல் பழுப்பேறும். நின்று வேலை செய்பவர்களுக்கு இது அதிகம். காலை உயர்த்தினால் சுகம் என்பது இதன் அடையாளம், தொங்கவிட்டால் சுகம் என்பது தமனியின் அடையாளம். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பெரிய உதவி.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கமும் பார்க்க வேண்டும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும்.

ஐந்தாவது படி: இப்போது சாப்பாட்டுக்கு வருவோம்

சாப்பாடு காலை எட்டும் வழிகள் சிலவே, எல்லாவற்றையும் தட்டிலிருந்து தள்ளுவதற்கு முன்னால் அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யூரிக் ஆசிட்தான் இதில் தெளிவானது. ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 6.8 மி.கி.யைத் தாண்டினால் மூட்டில் படிகமாகப் படியத் தொடங்கும். ஒருநாள், பெரும்பாலும் ராத்திரியில், பெருவிரல் அடி மூட்டிலோ கணுக்காலிலோ முழங்காலிலோ நெருப்பு வைத்ததுபோல் ஆரம்பித்து, ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். மாமிசம், அதிலும் ஈரல் போன்ற உறுப்புகள், சில கடல் உணவுகள், பீர் முதலான மது, சர்க்கரைப் பானங்கள் தூண்டிவிடும். திடீர்ப் பட்டினியும் தண்ணீர் குறைவதும்கூடத் தூண்டிவிடும், அதனால் கால் வலிக்குப் பயந்து கடும் விரதம் இருப்பவர்கள் கவனம். ஆனால் சாப்பாடு மட்டுமே காரணம் என்று நினைத்துக் குற்ற உணர்வில் வாடாதீர்கள். பரம்பரைக்கும் சிறுநீரகம் வெளியேற்றும் திறனுக்கும்தான் பெரிய பங்கு. உணவுக் கட்டுப்பாட்டால் யூரிக் ஆசிட் பெரும்பாலும் ஒரு மி.கி. அளவில்தான் இறங்கும், திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மாத்திரை தேவைப்படும். சிறுநீர் போக்கும் மாத்திரைகளும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். இன்னொரு விஷயம், வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே இருக்கலாம். அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்தது குறைபாடு. இங்கே ஒரு தர்க்கத்தைக் கவனியுங்கள்: வலி ஏதோ ஒன்றைச் சாப்பிட்டதால் அல்ல, ஏதோ ஒன்று கிடைக்காததால் வருகிறது. அப்படியிருக்க, உணவை ஒவ்வொன்றாக நிறுத்தி இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, நிறுத்த நிறுத்த இன்னும் மோசமாகும். பி12 விலங்கிலிருந்து வரும் உணவில்தான் இயல்பாகக் கிடைக்கிறது. பால், முட்டைகூடச் சேர்க்காதவர்கள், வயதானவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், சர்க்கரை நோய்க்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் பாதம் எரிந்தால் இதைச் சோதித்தே ஆக வேண்டும். கல்லீரலில் இதற்குச் சில ஆண்டுச் சேமிப்பு உண்டு, அதனால் போன வாரம் சாப்பாட்டை மாற்றியதோடு இதை முடிச்சுப் போடாதீர்கள். வைட்டமின் டி வெயில் படாமல் குறைவது, சாப்பாட்டால் அதை நிரப்புவது கடினம். இரும்புச்சத்து குறைந்தால் அமைதியற்ற கால் கூடும், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) 75-க்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம், சாதாரண ரத்தசோகைக் கணக்கில் அது இயல்பு என்று வந்திருந்தாலும்கூட.

தசைப்பிடிப்பு என்றதும் எல்லோரும் மெக்னீசியம் மாத்திரை சொல்வார்கள். வயதானவர்களுக்கு ராத்திரி வரும் பிடிப்பில் அது பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வயிற்றுப்போக்கோ சிறுநீர் மாத்திரையோ இருந்து பொட்டாசியம் குறைந்தவர்கள் கதை வேறு, அவர்களுக்கு ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதிமதுரம் தினமும் அதிகம் எடுத்தாலும் பொட்டாசியம் இறங்கும். சத்து மாத்திரை விழுங்குபவர்கள் லேபிளைப் பாருங்கள்: பி6 நீண்ட நாள் அதிக அளவில் போனால் அதுவே பாதத்து நரம்பைக் கெடுத்து எரிச்சல் கொடுக்கும். எரிச்சலுக்காக எடுத்த மாத்திரையே எரிச்சலைத் தருவது நடக்கிற விஷயம்.

மது நரம்பைக் கெடுக்கும், உப்பு வீக்கத்தைக் கூட்டும். கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டின் எடுப்பவர்கள் சிலருக்கு இரண்டு தொடையும் ஆடுசதையும் ஒரே மாதிரி வலிக்கும். அவற்றில் அட்டர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, பெரிய ஆரஞ்சு போன்ற ஒரு பழம்) அதிகம் சாப்பிட்டால் மருந்து உடலில் தேங்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், காலில் அடைப்பு இருந்தால் அதே மாத்திரைதான் மாரடைப்பிலிருந்து காக்கிறது.

உணவு ஒவ்வாமையால் வேறெந்த அறிகுறியும் இல்லாமல் கால் மட்டும் வலிப்பது வழக்கமான கதை இல்லை. நூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து, இதையெல்லாம் விடுங்கள் என்று பட்டியல் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும், ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உண்மையானது, அதில் சத்து உறிஞ்சப்படாமல் எலும்பும் நரம்பும் பாதிக்கப்படும். ஆனால் சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் சோதனை நோய் இல்லை என்று தவறாகக் காட்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு குறிப்பிட்ட உணவின் மேல் சந்தேகம் இருந்தால் ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், நடையும் தூக்கமும்கூட. குறைந்தால் மறுபடி சேர்த்துப் பாருங்கள். மறுபடி வலி வந்தால்தான் அதற்கு அர்த்தம். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் ஆயுள் முழுக்கத் தேவையில்லாமல் எதையோ விலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான். சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு முட்டிய அனுபவம் இருந்தால் அந்த உணவை வீட்டில் சோதிக்கவே கூடாது.

ஆறாவது படி: டாக்டரிடம்

புகை பிடிப்பவர், சர்க்கரை நோய் இருப்பவர், 65 வயதைத் தாண்டியவர், 50 தாண்டி ரத்தக் கொதிப்போ கொலஸ்ட்ராலோ உள்ளவர், இவர்களில் யாருக்குக் கால் வலி என்றாலும் கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஏபிஐ என்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கால் மணி நேர வேலை. கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.90 அல்லது அதற்குக் கீழே அடைப்பு, இடையில் இருப்பது எல்லைக்கோடு. 1.40-க்கு மேல் வந்தால் ரொம்ப நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், குழாய் கல்லாகி அழுத்த முடியாமல் இருக்கிறது என்று பொருள். சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளுக்கு இப்படி வரும், அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்தது இயல்பாக வந்து நடந்தால் மட்டும் வலித்தால், நடக்கவைத்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். சிரையைப் பார்க்கவும் அடைப்பின் இடத்தைக் கண்டுபிடிக்கவும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை உங்கள் நோட்டைப் பொறுத்தது: சர்க்கரை, கொலஸ்ட்ரால், பி12, வைட்டமின் டி, ஃபெரிட்டின், தைராய்டு, சிறுநீரகம், பொட்டாசியம், கால்சியம், யூரிக் ஆசிட், தசை வலி என்றால் சிகே (தசை சிதைவதைக் காட்டும் நொதி). எல்லாம் எல்லோருக்கும் வேண்டியதில்லை.

அடைப்பு என்று வந்தாலும் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை இல்லை. புகையை விடுவது, மாத்திரை, அப்புறம் நடைப் பயிற்சி: வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம், வலி நடுத்தரமாக வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடந்து, குறைந்தது 12 வாரம். என் அப்பா இதைத்தான் செய்தார். நான்கு நிமிடம் பன்னிரண்டு ஆனது. தக்காளியும் திரும்பி வந்தது.

பரிசோதனைக்குப் போகும்வரை பாதத்தில் சுடுநீர் ஒத்தடம் வேண்டாம், ரத்த ஓட்டமோ உணர்ச்சியோ குறைந்த காலில் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். ஏபிஐ பார்க்காமல் இறுக்கமான சாக்ஸ் வாங்கி மாட்டாதீர்கள், சிரைக்கு நல்லதான அது அடைபட்ட தமனியை இன்னும் நெருக்கும். அன்றைக்கு முழங்காலுக்கு மேல் சுருட்ட முடிகிற தளர்ந்த உடை போடுங்கள், இரண்டு மணி நேரம் முன்னாலிருந்தாவது புகை பிடிக்காதீர்கள், எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் "கால் வலிக்குது டாக்டர்" என்று ஆரம்பிக்காமல் நோட்டைத் திறந்து வைத்து, "சமமான தெருவில் நான்கு நிமிடம் நடந்தால் வலது ஆடுசதை இறுகுகிறது, நின்றால் மூன்று நிமிடத்தில் விடுகிறது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே கதைதான்" என்று ஆரம்பியுங்கள்.